அவர் வேட்டியை ஆற்றில் விட்டார்கள்

என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் சிங்கப்பூரிலிருந்து எட்டிப் பார்க்காத மகன், அவர் போன பிறகு சீனத்து மனைவியோடு வந்து இறங்கினான். கருமாதியை ஊரே மெச்சச் செய்ய வேண்டும் என்று குதித்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மருமகள் கொஞ்சம் தமிழ் பேசுவாள். கருமாதிக்கு முந்தின நாள், அவரைக்காய் ஆய்ந்துகொண்டே தன் அப்பாவின் சாவைச் சொன்னாள். புத்த பிக்குகள் வந்து, அடுத்த பிறவி நல்லதாக அமைய ஓதினார்களாம். தாவோ மதத்துப் பூசாரி வந்து, கடுதாசியில் செய்த வீடு, கார், செல்போன் எல்லாவற்றையும் கொளுத்தி மேலே அனுப்பினாராம்.

"செல்போனுமா?"

"சார்ஜரும், அத்தை."

சிரிப்பு ஒரு பக்கம், அருவருப்பு ஒரு பக்கம்.

"ஏட்டி, உங்க அப்பா இதையெல்லாம் நம்புனாரா?"

"இல்ல அத்தை. அவர் கன்பூசியஸ் வழி. செத்த பிறகு என்னன்னு யாருக்குத் தெரியும், உயிரோட இருக்கும்போது அப்பா அம்மாவைப் பாருன்னு சொல்வார். பார்த்த பிள்ளை செய்ற சடங்குக்குத்தான் மரியாதையாம்."

மகன் பக்கத்தில்தான் செல்லைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கேட்டியாலே?"

"என்னதும்மா?"

"ஒண்ணுமில்ல. தடவு."

எங்கள் பக்கம், செத்தவர் துணியைத் தாமிரபரணியில் விட்டுவிட்டு முழுகுவார்கள். படித்துறையில் கால் வைத்தால் யாரோ செத்தவள் சேலை காலைச் சுற்றும். அந்தத் தண்ணீரைத்தான் கீழ் ஊர்க்காரர்கள் குடிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வேட்டியை அந்தச் சகதியில் போடக் கூடாது, நான் வெளுத்து வைத்துக்கொள்வேன் என்று மகனிடம் முன்பே சொல்லியிருந்தேன். மறுநாள் ஆற்றங்கரையில் நான் திரும்புவதற்குள் மூட்டையை அவிழ்த்து, மற்றத் துணிகளோடு அதையும் வீசிவிட்டான்.

"வழக்கத்த மாத்தாதிய மைனி," என்றார் கொழுந்தன். "விட்டாத்தான் அண்ணனுக்குப் பாரம் தீரும்."

"பாரம் அவுகளுக்கா, உங்களுக்கா?"

நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். மகனிடம் சொன்னேன்:

"இறங்கி எடுலே. அது வராம நான் முழுக மாட்டேன்."

நான் முழுகாமல் சடங்கு முடியாது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். கை விட்ட இடமெல்லாம் துணி. வழவழவென்று ஒரு தலையணை உறை வந்தது. பிறகு யாரோ பெண்பிள்ளையின் பாவாடை. மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒரு வேட்டியைத் தூக்கிக் காட்டினான்.

"இதாம்மா?"

"உங்க அப்பா பச்சைக் கரை கட்டி நீ எப்பம்லே பாத்த?"

அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை இழுத்தான். கட்டம் போட்ட கைலி, சாரம். அவர் ஒரு நாளும் சாரம் கட்டியவர் இல்லை. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முட்டளவு தண்ணீரில் நின்றபடி, கரையில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்டான்:

"எம்மா, அப்பா வேட்டி எப்படி இருக்கும்?"

நான் சொல்வதாக இல்லை. தேடட்டும்.