இரண்டாவது மெஷின் ஏன் நின்றது

போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஏசி பிளான்ட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கட்டிடம் முழுக்கக் குளிர்ந்த நீரை அனுப்ப அங்கே மூன்று பெரிய மெஷின்கள் உண்டு. எப்போதும் இரண்டு ஓடும், ஒன்று மாற்றுக்கு நிற்கும். ஒரு திங்கட்கிழமை, ஓடிக்கொண்டிருந்த மூன்றாவதில் கோளாறு வந்து நிறுத்தினோம். அன்று முதல் இரண்டாவதும் தகராறு செய்தது. ஸ்டார்ட் செய்தால் இருபது நிமிடம் ஓடும், பிறகு கம்ப்ரஸர் பட்டென்று நின்றுவிடும். தண்ணீர் ஓட்டம் குறைவு என்று பேனல் காட்டும்.

வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது. பம்ப்பைப் பார்த்தேன், வோல்டேஜைப் பார்த்தேன். தண்ணீர் ஓட்டத்தைக் கவனிக்கும் ஸ்விட்சையே மாற்றினேன். மறுபடியும் இருபது நிமிடம்தான். சென்னையிலிருந்த கம்பெனி இன்ஜினியர் போனில், "கன்ட்ரோல் போர்டு போயிருக்கும். அனுப்புறேன், கப்பல்ல வரும்" என்றார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது.

புதன்கிழமை ஆபரேஷன் தியேட்டரில் சூடு ஏறிவிட்டது. கார் நிக்கோபார் தீவிலிருந்து வந்திருந்த ஒருவரின் இடுப்பு ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். வராந்தாவில் அவருடைய மகள் என் யூனிபார்மைப் பார்த்துவிட்டு, "பையா, கல் ஹோகா?" என்று கேட்டாள். நாளைக்கு நடக்குமா என்கிறாள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேகமாக இறங்கிவந்தேன்.

அந்தப் பதற்றத்தில் ஒரு தப்பு செய்தேன். அந்தத் தண்ணீர் ஓட்ட ஸ்விட்சின் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்தேன். இனி தண்ணீர் குறைந்தாலும் மெஷின் நிற்காது. ஆனால் உள்ளே நீர் உறைந்தால் குழாய்கள் வெடித்து மெஷினே போய்விடும். ஸ்டார்ட் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அழுத்த முடியவில்லை. ஒயரைப் பிடுங்கித் தூர எறிந்தேன்.

திரும்பி நடந்தபோது தரையில் கிடந்த ஈரத்தில் கால் வழுக்கியது. துடைக்க வந்த பெண்மீது எரிந்து விழுந்தேன். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த தமிழ்க் குடும்பம் அவளுடையது, பேச்சில் இந்தி கலந்து வரும். "மெஷின் பக்கத்துல தண்ணி ஊத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றாள். "நா எங்க அண்ணே ஊத்துனேன்? அந்த பந்த் மெஷினோட பைப்புதான் வேர்க்குது. சுபே ஆறு மணிக்குத் தொடச்சிட்டுப் போனா, பத்து மணிக்கு ஃபிர் அதே எடத்துல குட்டை கட்டி நிக்கிது. மூணு நாளா இதேதான்."

நிறுத்தி வைத்த மெஷினின் பைப் ஏன் வேர்க்க வேண்டும்? போய்த் தொட்டேன். உறை கிழிந்திருந்த இடத்தில் இரும்பு சில்லென்று இருந்தது. உள்ளே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பைப்பை அடைக்கும் வால்வின் மேலிருந்த காட்டியோ 'மூடியது' என்றது. வால்வைத் திருப்பும் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால், அதையும் வால்வையும் இணைக்கும் முளை உப்புக் காற்றில் அரித்து முறிந்து கிடந்தது. மோட்டார் சுழன்றிருக்கிறது, வால்வு அசையவே இல்லை. ஓடாத மெஷின் வழியாகத் தண்ணீர் வீணாகப் பிரிந்துபோக, குழாய் வரிசையில் கடைசியில் இருந்த இரண்டாவதற்கு அது பற்றாமல் போயிருக்கிறது.

ஸ்பேனரைப் போட்டு வால்வை நானே இறுக்கி மூடினேன். இரண்டாவதை ஸ்டார்ட் செய்தேன். இருபது நிமிடம் தாண்டியது, ஒரு மணி நேரமும் தாண்டியது. என்னால் உட்காரவே முடியவில்லை. பேனலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. மேனேஜர் கீழே வந்து, "போர்டு இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். "துடைக்கிற அம்மாதான் சார் கண்டுபிடிச்சாங்க" என்றேன். அவர் சிரித்தார், நான் விளையாடுவதாக நினைத்திருக்க வேண்டும். நான் மறுபடியும் சொன்னேன். வாசலில் துடைத்துக்கொண்டிருந்த அவள் காதிலும் விழுந்திருக்கும்.

சாயங்காலம் அவளிடம் போய், "நேத்து பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன்.

"அத வுடுங்க அண்ணே" என்றாள். "அந்த ஆபரேஷன் ஆனவரோட மக எல்லாருக்கும் மிட்டாய் குடுத்துட்டுப் போச்சு. ஒங்களுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்."