மாமாவின் தோளில் இருக்கிற கை

போஸ்டரில் முதலில் என் கண்ணில் பட்டது மாமாவின் முகம் இல்லை. அவர் தோளில் இருந்த ஒரு சின்னக் கை. மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு.

அது என் கை... அப்பா எடுத்த படம். என்னை வெட்டிவிட்டு மாமாவை மட்டும் போட்டிருக்கிறார்கள். கை மட்டும் தங்கிவிட்டது.

திருச்சி பழக்கடை மாமா நேற்று இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்காம்.

அன்னவாசலில் இருந்து வருஷா வருஷம் சமயபுரத்துக்கு நடந்து போவோம். திருச்சிக்குள் நுழைந்ததும் மாமா கடை. பந்தல் போட்டு, நடந்து வருகிற எல்லாருக்கும் மோர் கொடுப்பார். கொப்புளம் வந்த கால்களுக்கு உப்புப் போட்ட வெந்நீர்.

என்னை ஆரஞ்சுப் பெட்டி மேல் உட்காரவைத்து அவரே என் காலை வெந்நீரில் விடுவார். "இந்தக் காலு சமயபுரம் வரைக்கும் தாங்குமா, இல்ல தள்ளுவண்டியில ஏத்தவா?" என்பார். நான் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அம்மாவும் அப்பாவும் என்னை அங்கே விட்டுவிட்டுக் காவிரிக்குக் குளிக்கப் போவார்கள். "பிள்ளையப் பாத்துக்கங்கண்ணே." அவ்வளவுதான். அத்தனை பெரிய ஊரில் எனக்குப் பயமே இருந்ததில்லை. பெட்டிகளுக்கு நடுவில் சாக்கை விரித்துத் தூங்கிவிடுவேன்.

அப்பாவுக்குக் கால் ஒடிந்த வருஷம் நாங்கள் நடக்கவில்லை. மாமாவே வீட்டுக்கு வந்தார், பை நிறைய ஆரஞ்சோடு. நான் அப்போது பத்தாவது.

"திருச்சியில தெரிஞ்ச துணிக்கடையில வேல இருக்கு தங்கச்சி. பாப்பா என் கண்ணு முன்னாடிதான் இருக்கும்." அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும்தான்.

திருச்சியில் இறங்கினோம். கடைப் பக்கமே போகவில்லை. வேறு பஸ்ஸில் ஏற்றினார்... சாயங்காலம் இறங்கிய இடம் ஒரு நூல் மில். கேட்டிலேயே என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன் பாப்பா" என்றார்.

ஞாயிறு தோறும் தலை பின்னிக்கொண்டு கேட் பக்கம் போய் நின்றேன். மூன்றாவது வாரம் இலுப்பூர் அக்கா ஒருத்தி பக்கத்தில் வந்தாள்.

"நீயும் மோர்ப் பந்தல் மாமா கூட்டியாந்த ஆளா? நாங்க நாலு பேரு இருக்கோம். அவரு வரமாட்டாரு, உள்ள வா."

அவள் காலுக்கும் அதே வெந்நீர்தான். எந்த வீட்டில் என்ன வயதில் பெண் இருக்கிறது என்று மாமா அந்தப் பந்தலில்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்.

எட்டு மாதம் கழித்து அப்பா விசாரித்துத் தேடி வந்து என்னைக் கூட்டிவந்தார். திருச்சி பஸ் ஸ்டாண்டில் அவர் டீ வாங்கப் போனபோது, சட்டையைப் பிடித்துக்கொண்டே நானும் போனேன். பதினாறு வயதில்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் இல்லை, நடைப்பயணமும் இல்லை.

இன்று அப்பா மாலை வாங்கிக்கொண்டு துக்கத்துக்குக் கிளம்பினார். "ஊரே போகுது, நாம மட்டும் போகாம இருந்தா நல்லாருக்காது." அம்மா என்னிடம், எல்லாரும் போட்டிருக்கிறார்கள், நீயும் நல்லதாக ரெண்டு வார்த்தை போடு என்றாள்.

நான் இங்கே ஃபேஸ்புக்கில் லைக் போடுவதோடு சரி. எதுவும் எழுதியதில்லை.

நல்லது... மோர் நன்றாக இருக்கும் மாமா. வெந்நீர்ச் சூடும் என் காலுக்குச் சரியாக இருக்கும். அதை மறக்க முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போங்க மாமா.

அப்பா கிளம்புவதற்கு முன் அவர் போனில் இருந்த முழுப் படத்தை எனக்கு அனுப்பிக்கொண்டேன். வெட்டாமல் கீழே போட்டிருக்கிறேன்.