வேலிக்கு உள்ளேயே தீர்ந்த கட்டுச்சோறு

பெம்பான் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாலே ரப்பர் ஷீட்டின் புகை வாசனை மூக்கில் ஏறும். சேலையில் ஒட்டிக்கொண்டால் இரண்டு முறை துவைத்தாலும் போகாது. மறுநாள் ஆபீசில் பக்கத்து மேசைக்காரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு, நேற்றும் தோட்டத்துக்குத்தான் போனாயா என்று கேட்பாள்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த வருஷங்கள் அவை. எனக்கு இருபத்திரண்டு வயது. மலாக்கா டவுனில் ஒரு கல்விச் சங்கத்தில் வேலை. சிங்கப்பூர் யுனிவர்சிட்டியில் ஆர்ட்ஸ் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, லீவு நாட்களில் வேலைப் பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருவது என் பொறுப்பு.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா... கதவு கதவாகத் தட்டியவளுக்குத்தான் தெரியும்.

பத்து பெரண்டாமில் ஒரு மளிகைக்காரர், இலக்கியம் படித்த பையன் மூட்டை தூக்குவானா என்று விசாரித்தார். பாயா ரும்புட்டில் ஒரு பள்ளித் தலைமையாசிரியர் டீ வாங்கிக் கொடுத்தார். டீ மட்டும்தான்.

கடைசியில் பெம்பானைத் தாண்டி ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி இறங்கி வந்தார். ஆபீஸ் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பென்சில்.

"ஹிஸ்ட்ரி படிச்ச புள்ள இங்க வந்து என்னம்மா செய்யும்? காலையில பேரு கூப்பிடற பெரட்டுல நின்னு ராஜா கதை சொல்லுமா?"

இருந்தாலும் ஒரு வாரம் பார்ப்பதாகச் சொன்னார். அந்த ஒரு வாரத்தை நம்பித்தான் இன்னும் நான்கு பேர் வீட்டில் காத்திருந்தார்கள். இது சரிப்படவில்லை என்றால் மற்ற தோட்டங்களும் கதவைச் சாத்திவிடும். சங்கத்திலும் இந்த வேலையே வேண்டாம் என்று முடிவாகிவிடும்.

போனவள் சுசீலா. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள். ரப்பர் மரத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கிளம்பும்போது அவளுக்கு ஒரு பக்கம் நிறைய அறிவுரை எழுதிக் கொடுத்தேன். அதில் ஒன்று: தோட்டத்து மக்கள் அன்பாக எதைக் கொடுத்தாலும் மறுக்காதே, மனசு கஷ்டப்படுவார்கள்.

நல்ல அறிவுரைதான்... டவுனுக்கு.

மலாக்கா டவுனில் கட்டுப்பாடுகளை எப்போதோ எடுத்துவிட்டார்கள். நான் கையில் பிஸ்கட் டின்னோடு எங்கு வேண்டுமானாலும் நடப்பேன். ஆனால் அந்தத் தோட்டத்தில் முள்வேலியும் கேட்டில் சோதனையும் அப்படியே இருந்தன. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, ஒரு பிடி சோறு வேலி தாண்டினாலும் குற்றம். எனக்கு அது சுத்தமாக மறந்தே போயிற்று.

சனிக்கிழமை மதியம் அவளை அழைத்து வரப் போனேன். கேட்டுக்கு உள்ளே, சோதனைக் கொட்டகையில் நின்றிருந்தாள். வழியனுப்ப அஞ்சலை அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் வந்திருந்தார்கள். ஒரு வாரமாக சுசீலா தங்கியிருந்தது அஞ்சலை அக்கா வீட்டில்தான்.

சோதனை போடும் பெண் சுசீலாவின் துணிப்பையில் கையை விட்டாள். வெளியே வந்தது வாழை இலைப் பொட்டலம். இன்னும் சூடு ஆறவில்லை. புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும்.

மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சுசீலா என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே அக்கா மறுக்காதேன்னு எழுதியிருந்தீங்க?"

யுனிவர்சிட்டிப் பெண் ஒருத்தி என் எழுத்தை நம்பி ஸ்டேஷனுக்குப் போகப் போகிறாள்.

அஞ்சலை அக்காதான் முன்னால் வந்தார். சோறு கட்டியது தான்தான், பிடிப்பதென்றால் தன்னைப் பிடிக்கட்டும் என்றார். பிறகு கேட் கம்பியைக் காட்டி நிதானமாகக் கேட்டார்.

"வெளிய போனாத்தானே குத்தம்? புள்ள இன்னும் உள்ளதானே நிக்குது."

சார்ஜனுக்குத் தமிழ் புரியவில்லை. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, பெரிய கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார். நான் கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அவர் மலாயில் கொஞ்ச நேரம் பேசினார். சார்ஜன் பொட்டலத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"மக்கான் சினி, போலே-லா."

இங்கேயே சாப்பிட்டால் சரி என்று அர்த்தம்.

அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தோம். பயத்தில் சுசீலா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அஞ்சலை அக்கா உருட்டி உருட்டி எல்லார் கையிலும் வைத்தார். சம்பல் காரத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. காரத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் போயே போய்விட்டது.

கிராணி நின்றுகொண்டே ஒரு உருண்டை வாங்கினார். நாமே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவர் பையிலிருந்து கொத்தாகப் படிவங்களை எடுத்துக் காட்டினார். தோட்டத்துப் பெரியவர்களின் குடியுரிமைப் படிவங்கள். பிறந்த வருஷம் தெரியாமல் அவர் மேசையிலேயே கிடந்தவை.

சுசீலா வீடு வீடாகப் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஜப்பான்காரன் வந்தபோது மூத்த பிள்ளை தவழ்ந்ததா, நடந்ததா? பெரிய வெள்ளத்துக்கு முன்னால் கல்யாணமா, பின்னால் கல்யாணமா? இப்படிக் கேட்டுக் கேட்டே வருஷத்தைப் பிடித்திருக்கிறாள். முப்பத்தேழு பேருக்கு.

"திங்கக்கிழமை இந்தப் புள்ளையோட இன்னும் ரெண்டு ஹிஸ்ட்ரி புள்ளைங்க வேணும்மா. ஆனா நீ எழுதுற புத்திமதிய மட்டும் மொதல்ல எங்கிட்ட காட்டிடு."

சுசீலாவுக்கு அதற்குப் பிறகுதான் பசித்தது. இலையில் மிச்சம் எதுவும் இல்லை.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் எனக்கு இதே மாதிரி வேலைதான், வேறு ஆபீசில். இடம் பிடிக்க பஸ் ஏற வேண்டியதில்லை. டெலிபோனில் பேசி, கடிதம் அடித்து அனுப்பினால் முடிந்தது. முள்வேலி இல்லை, பையைத் திறக்கச் சொல்ல ஆளில்லை. பிள்ளைகள் நிம்மதியாகப் போய் வருகிறார்கள். நல்லதுதான், அந்தப் பயம் யாருக்கும் வேண்டாம்.

போன மாதம் பயிற்சி முடித்து வந்த ஒரு பெண்ணிடம், கிளம்பும்போது அங்கே என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"சர்டிபிகேட் குடுத்தாங்க மிஸ்" என்றாள்.

சரிதான் என்று சொல்லி ஃபைலில் வைத்தேன்... அன்று மதியம் கேண்டீனுக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.