வந்தவள் பேரில் வாரண்ட்

தனலக்ஷ்மிக்குப் பாராட்டு விழா நடத்துகிறார்களாம். விழா மலரில் போட அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று தையல்காரிகள் சங்கத்துப் பெண்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். கேட்பதற்கு வேறு ஆளா கிடைக்கவில்லை? எழுதுகிறேன். நல்ல வார்த்தையாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அவள் கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். கல்யாணமாகிப் பெங்களூர் நீலசந்திராவுக்கு வந்தாள். மகள் சிந்துவுக்கு இரண்டு வயதாகும்போது புருஷன் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு பொம்மனஹள்ளியில் நாங்கள் சட்டை தைத்த கம்பெனிக்கு வந்தாள். எனக்கு அடுத்த மிஷின். நான் காலர் வைப்பேன், அவள் கை வைப்பாள். வேலையில் கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாய் இருக்கிறதே! சூப்பர்வைசர் ஆம்ப்ரோஸை நேருக்கு நேர் "யோவ்" என்பாள். என்னை "பயந்தாங்கொள்ளி" என்பாள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் பத்துப் பேர் முன்னால். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு பெண் மயங்கி விழுந்தபோது கேட்டைத் திறக்க மாட்டோம் என்றார்கள். சண்டை போட்டுத் திறக்கவைத்து, அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, முந்நூறு பேரும் ஓசூர் ரோட்டில் உட்கார்ந்தோம். போலீஸ் எழுதிக்கொண்டது இரண்டே பேரை. முதல் பேர் பாமா, அதாவது நான். இரண்டாவது தனலக்ஷ்மி. முன்வரிசையில் உட்கார நான் ஆசைப்பட்டேனா? கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவள் அவள்தான்.

ஜாமீன் கிடைத்தது. பிறகு வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு கேட்டு ஆம்ப்ரோஸ் முன்னால் நிற்கவேண்டும்.

கம்பெனி வாசலில் கார்டு குத்தும் மிஷின் இருந்தது. பஸ் தாமதமானால், முன்னால் வந்தவள் மற்றவளுடைய கார்டையும் சேர்த்துக் குத்திவிடுவாள். அந்தப் பழக்கத்தை நாங்கள் கோர்ட்டுக்கும் கொண்டுபோனோம். ஒரு வாய்தாவுக்கு அவள், அடுத்ததற்கு நான். கோர்ட்டில் கூட்டம் வாசல்வரை நிற்கும். டவாலி பேர் கூப்பிடுவான். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து "ஹாஜர் சுவாமி" என்போம். அடுத்த பேருக்குக் குரலைக் கொஞ்சம் கீச்சென்று ஆக்கி இன்னொரு "ஹாஜர் சுவாமி". கிளார்க் தலை நிமிராமல் எழுதிக்கொள்வார். ஒன்பது வாய்தா இப்படியே ஓடியது. இது தப்பு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பத்தாவது என் முறை. நாத்தனார் வீட்டில் வளைகாப்பு என்று முந்தின நாள் தனலக்ஷ்மியிடம் சொன்னேன்.

"உனுக்கு இன்னாடி, எப்பப் பாரு ஒரு சாக்கு" என்றாள். திட்டிக்கொண்டேதான் போனாள்.

அன்று புது ஜட்ஜம்மா வந்திருந்தார். டவாலி "பாமா" என்று கூப்பிட, இவள் பழக்கத்தில் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "யார் கத்துவது? முன்னால் வா" என்றார் ஜட்ஜம்மா. இவள் போய் நின்றாள். சந்தைக் கடையா இது என்று ஒரு திட்டு. பாமா ஹாஜர் என்று எழுதியாயிற்று. அடுத்து "தனலக்ஷ்மி" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். பாமாவாக முன்னால் நிற்கிறவள் எப்படி வாயைத் திறப்பாள்? ஜட்ஜம்மா கிளார்க்கிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அடுத்த தேதிதான் கொடுத்தார்கள் என்று நினைத்து இவள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கான்ஸ்டபிள் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். நல்லவேளை, அவள் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருந்தாள். எதிர்வீட்டுக்காரிதான் அவன் விட்டுப்போன சேதியைச் சொன்னாள். தனலக்ஷ்மி கோர்ட்டுக்கு வரவில்லை என்று வாரண்ட். பிடித்த இடத்தில் தூக்குவார்கள்.

எங்கள் வக்கீலின் குமாஸ்தா நாராயணசாமி, கோர்ட்டு ஆபீஸில் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஜாமீன்ல விட முடியாத வாரண்ட்மா. தானா வந்து கூண்டுல நின்னு, மனு குடுத்தா ரத்து பண்ணுவாங்க. பண்ணலன்னா அங்கேயே புடிச்சு அக்ரஹாரம் ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்.

"அந்தம்மா என் மூஞ்சப் பாத்திருக்காங்க சார். பாமான்னு எழுதி வெச்சிருக்காங்க. ஆள் மாறாட்டம்னு இன்னொரு கேஸ் போட்டா எம் பொண்ண யாரு பாப்பாங்க?" என்றாள் தனலக்ஷ்மி.

நாராயணசாமி யோசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் மூஞ்சு அந்தம்மாவுக்குத் தெரியாது. நீ தனலக்ஷ்மின்னு போய் நில்லு. ஜுரம்னு டாக்டர் சீட்டு வெக்கலாம். கேஸ் முடியிறவரைக்கும் நீ அவ, அவ நீ."

"ரத்து பண்ணலன்னா ஜெயிலுக்குப் போறது நானா?" என்று கேட்டேன். "அதெல்லாம் முடியாது. வாயத் தொறந்தது அவ. அவளே பாத்துக்கட்டும்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு திட்டுத் திட்டியிருப்பேன். அவள் "சரி" என்றாள். அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

மனு போடும் நாளன்று காலையில் சிந்துவுடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்ன உள்ள வெச்சுட்டாங்கன்னா இவளக் கூட்டினு போயி எங்கக்கா கிட்ட உட்ரு. அவ்ளோதான். அதையாவது செய்வியா?"

அந்த "அதையாவது" என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இருந்தாலும் போனேன். கோர்ட்டு வராந்தாவில், கதவுக்கு வெளியே, சிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தைக்கு ஏழு வயது. பள்ளிக்கூடச் சீருடையிலேயே வந்திருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. கூண்டில் தனலக்ஷ்மியின் முதுகு தெரிந்தது.

ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "நீ பாமாதானே? கத்தினவள்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

வக்கீல் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். தனலக்ஷ்மி அவரை முந்திக்கொண்டாள். நல்ல கன்னடத்தில், எனக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னாள். "நான் தனலக்ஷ்மி சுவாமி. அன்றைக்கும் வந்தேன். பாமா பேருக்கும் நான்தான் குரல் கொடுத்தேன். அது தப்பு. பாமா வரவில்லை."

அடிப்பாவி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அப்படி எரிந்தது.

ஜட்ஜம்மா கால்மணி நேரம் திட்டினார். கோர்ட்டில் விளையாடுகிறாயா, உள்ளே தள்ளட்டுமா என்றார். இவள் குனிந்த தலை நிமிரவில்லை. கடைசியில், வந்தவளுக்கு வராதவள் என்று வாரண்ட் போட்டது நிற்காது என்று எழுதச் சொன்னார். வாரண்ட் ரத்து. சாயங்காலம் கோர்ட்டு கலைகிறவரை ஓரமாக நிற்க வேண்டும், அதுதான் தண்டனை.

எனக்கு மூச்சு வந்தது. சிந்துவிடம் "உங்கம்மா வந்துருவா" என்று சொல்லக்கூட வாயெடுத்தேன்.

அதற்குள் ஜட்ஜம்மா, "அந்த பாமா எங்கே? கூப்பிடு" என்றார்.

டவாலி வாசலுக்கு வந்தான். எனக்கும் அவனுக்கும் நாலடி இருக்கும். என் முகம் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "பாமா" என்று வராந்தா முழுக்கக் கேட்கக் கூப்பிட்டான்.

தனலக்ஷ்மி திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. வா, வந்து நில், அவ்வளவுதான் என்பது மாதிரி பார்த்தாள். டவாலி இரண்டாவது முறை கூப்பிட்டான். அவள் கையை நீட்டி என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. எனக்காகக் குரலும் கொடுக்கவில்லை.

"ஆன்ட்டி, ஒங்களத்தான் கூப்புட்றாங்க" என்றாள் சிந்து.

மூன்றாவது முறை கூப்பிடும்போது நான் குழந்தையின் கையை விட்டுவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். ரோட்டுக்கு வந்து, கிடைத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் சிந்துவை அங்கே தனியாக விட்டுவிட்டு வந்தது உறைத்தது. பஸ் நின்றது. நான் இறங்கவில்லை.