கொம்பும் காலும் உள்ள மீன்கள்

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்லி நான் ஜெயித்ததில்லை. வடசேரி பேருந்து நிலையத்தில் பழைய வகுப்புத் தோழன் ஒருவன், "இப்ப எங்க மக்கா வேலை?" என்றான். வீட்டிலிருந்தே மென்பொருளைப் பொதி கட்டி அனுப்புகிறேன் என்றேன். "ஓ, கூரியரா?" என்றவன், துபாயிலிருக்கும் தன் மச்சானுக்கு ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸ் அனுப்ப எவ்வளவு ஆகும் என்று விசாரித்தான்.

உண்மையில் நடப்பது இதுதான். எழுதி முடித்த நிரலை எங்கோ இருக்கும் ஒரு கணினி தானாகவே எடுத்து, ஒவ்வொரு வகை போனுக்கும் ஏற்றபடி ஆக்கித் தரும். அதை பில்டு என்போம். சரியாக வந்தால் பச்சைக் குறி, வராவிட்டால் சிவப்பு. வந்ததைப் பொதியாகக் கட்டி வெளியே விடுவது நான். எல்லாம் பச்சையாக வரும் நாள் அபூர்வம். பாதி தேறிப் பாதி தேறாததை என்ன செய்வது என்று முடிவெடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

இந்தப் பிழைப்பு என் மைனியிடம் மாட்டிக்கொண்டது. மைனி என் அண்ணனின் மனைவி. இனயம் கரையில் மீன் எடுத்து, புதுக்கடை சந்தையில் விற்கிறாள். எந்தக் கரையில் என்ன மீன் வந்திருக்கிறது என்பது ஆட்டோ பிடிக்கும் முன்பே தெரிந்தால் நல்லது என்று மைனியும் கூட்டாளிப் பெண்களும் கேட்டார்கள். ஓய்வு நேரத்தில் ஓர் ஆப் செய்து கொடுத்தேன். கரையில் நிற்பவள் வந்த மீனின் படத்தைத் தொட்டால், மற்றவர்களின் போனுக்குச் செய்தி போகும். கையில் மீன் சட்டியோடு போனைப் பார்த்து வாசிக்க முடியாது என்பதால், அது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குரல் மைனியுடையது.

எங்கள் அடுக்களையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தோம். கரையின் பெயர் தனி, மீனின் பெயர் தனி, 'வந்திருக்கு' என்பது தனி. ஆப் மூன்றையும் கோத்துக்கொள்ளும். கொஞ்சம் மெதுவாகச் சொல்லச் சொன்னேன்.

"மீன மெதுவாச் சொன்னா எவ வாங்குவா?" என்றாள் மைனி. கூவித்தான் சொன்னாள். தெருநாய் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பொதி வெளியாக வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் பில்டு ஓடியது. புதிய போன்களுக்கு எல்லாம் பச்சை. பழைய போன்களுக்கு மட்டும் ஒலிகளைச் சுருக்கிப் போடும் வேலை ஒன்று கூடுதலாக உண்டு. அங்கே இடறியது. சில ஒலிகள் கிடைக்கவில்லை, மற்றவை சரி என்றது கணினி. எவை என்று பார்த்தால், தமிழ்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகளாக நின்றன.

நிறுத்தி வைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"நாளைக்கு எல்லாரும் காத்திருப்பாவ. வந்தவரைக்கும் குடுங்க. ஆனா சொல்லிட்டுக் குடுங்க," என்றாள்.

பெண்களின் வாட்ஸ்அப் குழுவில், 'பழைய போன்களில் சில பெயர்கள் ஒலிக்காமல் போகலாம், பொறுத்தருள்க' என்று எழுதினேன். 'பொறுத்தருள்க' கல்யாணப் பத்திரிகை மாதிரி இருப்பதாக மனைவி சொன்னாள். எடுத்துவிட்டு அனுப்பினேன்.

காலையில் மைனி கரையிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் பெண்களின் சிரிப்பு அலையைவிட உரக்கக் கேட்டது.

"மக்கா, எனக்க தொண்டைய எங்க கொண்டு போட்ட?"

"என்ன ஆச்சு மைனி?"

"மத்தவளுக்கெல்லாம் எனக்க சத்தம் நல்லா கேக்குது. எனக்க போனுல மட்டும் சும்மா 'வந்திருக்கு, வந்திருக்கு'ன்னு நிக்குது. ஆரு வந்திருக்கான்னு சொல்லல்ல. இவளுவ 'மருமவன் வந்திருக்கான்'னு சொல்லிச் சிரிக்கியாளுவ."

மைனியின் போன் பழையது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"குரூப்புல எழுதிப் போட்டிருந்தேனே மைனி."

"அத ஆரு வாசிச்சா? நாங்க வாசிக்கதா இருந்தா, பேசுத ஆப்பு எதுக்குடே?"

எந்தெந்தப் பெயர்கள் வரவில்லை என்று கேட்டேன். சாளை பேசியது, அயிலை பேசியது, நெய்மீன் பேசியது. கொழுவா, கொடுவா, கோலா மூன்றும் வாய் திறக்கவில்லை. கரைகளில் கோடிமுனைக்குக் குரல் இல்லை. அன்று கோடிமுனையில் கோலா வந்திருந்தது. மைனியின் போனில் மிஞ்சியது வெறும் 'வந்திருக்கு'.

எழுதி வைத்துப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எல்லாம் கொ, கோ. இந்த எழுத்துகளில் முன்னால் கொம்பு, பின்னால் கால். கணினிக்குள் இரண்டையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைக்கலாம், பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. என் மடிக்கணினி ஒலிகளுக்குப் பிரித்த எழுத்தில் பெயரிட்டிருந்தது. சுருக்குகிற நிரல் சேர்ந்ததைத் தேடிவிட்டு, இல்லை என்று போய்விட்டது.

"கொம்பு தனியா, கால் தனியா போயிட்டு மைனி, அதான்," என்றேன்.

"மீனுக்கு ஏதுடே கொம்பும் காலும்?" என்றாள் மைனி. அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு. அதற்குமேல் விளக்க நான் துணியவில்லை.

பெயர்களை ஒரே மாதிரி ஆக்கி மீண்டும் ஓடவிட்டேன். மதியத்துக்குள் எல்லாம் பச்சை. இனி எப்போதாவது ஓர் ஒலி விடுபட்டால் ஆப் சும்மா இருக்கக் கூடாது என்று, மைனியையே வாட்ஸ்அப்பில் ஒரு வரி பேசி அனுப்பச் சொல்லிச் சேர்த்தேன்: "இதுக்க பேரு இன்னும் வரல்ல, பொறு மக்கா." என் எழுத்து அறிவிப்பைவிட இது மேல் என்று மனைவி சான்றிதழ் தந்தாள்.

சாயங்காலம் மைனி புதுப் பொதியைப் போனில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோடிமுனை, கோலா, வந்திருக்கு. அலையும் இரைச்சலும் இல்லாத இடத்தில் தன் குரலை முதல் முறையாகக் கேட்டாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஆருடே இது, இப்பிடிக் கத்துதா?"

"நீங்கதான் மைனி."

"செவி வலிக்குது. நான் இப்பிடியா பேசுதேன்? ஞாயிற்றுக்கிழம பூசை முடிஞ்சு வாறேன். எல்லாத்தையும் மெதுவாச் சொல்லித் தாறேன், மாத்திப் போடு."

குழுவில் கேட்டுப் பார்த்தேன். மெதுவான குரல் வேண்டாம், சந்தை இரைச்சலில் கேட்காது என்று ஒருத்தி விடாமல் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மைனிக்கு அதில் கொஞ்சம் வருத்தம், நிறையப் பெருமை.