இன்ஜினுக்கு வைத்த பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு இன்ஜினைக் குளிப்பாட்டினேன். அதுவும் என் புது துப்பட்டாவால்!

பதறாதீர்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

மான்ட்ரியலில் எங்கள் மாடி வீட்டுக்காரர் தவம் அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சென்ட் லோரன்டில் ஃபேக்டரி வேலை. அறுபதுகளில் வந்த ஒரு காரை மூன்று கோடைகாலமாகப் பிரித்துப் பிரித்துப் பூட்டியிருக்கிறார். எதற்கு? டிராக் ரேஸுக்கு! நேர் ரோட்டில் இரண்டு கார்கள் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பறக்க வேண்டும். கால் மைல், அவ்வளவுதான்.

பழைய கார்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. கார் கிழமாக இருந்தால் மட்டும் போதாது, இன்ஜினும் அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும். கிழட்டுக் காருக்குள் புது இன்ஜினை ஒளித்து வைத்து ஜெயிக்கிற கில்லாடிகள் இருக்கிறார்களாம். அதனால் இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணைச் சரிபார்த்த பிறகுதான் அனுமதி. நாமெல்லாம் வயதை மறைக்கப் படாத பாடு படுகிறோம்... இங்கே கிழம்தான் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள்!

"தங்கச்சி, நீங்கள் பிரெஞ்சு கதைப்பியள்தானே... ஒருக்கா என்னோடை வாங்கோ" என்றார் அண்ணா.

சும்மா போவேனா? கிளம்பும்முன் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். இன்ஜினின் முன்பக்கம் மட்டமாக, நெற்றி மாதிரி ஒரு இடம். சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். ஆயுத பூஜைக்கு எங்கள் திருச்சியில் லாரிக்கே வைப்போமே!

ஒரு மணி நேர ஓட்டம். இன்ஜின் சூட்டில் சந்தனம் செங்கல்லாகிவிட்டது. ரேஸ் மைதான வாசலில் பரிசோதகர் பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"எண் எங்கே? எதைப் பூசி மறைத்திருக்கிறீர்கள்? எண் இல்லாவிட்டால் ஓட விடமாட்டேன்."

ஐயோ... நான் பொட்டு வைத்தது எண்ணின் தலைமேலேயே!

"தங்கச்சி... மூண்டு வருசம்..." என்று அண்ணா தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ அழுகை முட்டியது. பூஜையைப் பற்றி என் பிரெஞ்சு வகுப்பில் பாடமே கிடையாதே! "கடவுள்... கார்... ஆசீர்வாதம்..." என்று உளறினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

சுரண்டினால் எண்ணில் கீறல் விழும். இன்ஜின் ஆறும்வரை தவித்துவிட்டு, துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன் — தேய்த்தேன் — தேய்த்துக்கொண்டே இருந்தேன். மங்கலாக ஒரு எண் தலைகாட்டியது. அப்புறம் இன்னொன்று... கடைசியில் மொத்தமும்! பரிசோதகர் தன் புத்தகத்தைப் புரட்டினார். ஒப்பிட்டார். மறுபடி ஒப்பிட்டார்.

"சே போன்!" சரியாக இருக்கிறதாம்!

அண்ணா குதித்த குதி இருக்கிறதே! நானும் குதித்தேன். மஞ்சளும் சிவப்புமான கையோடு பரிசோதகரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன்.

ரேஸ் என்னாச்சு என்கிறீர்களா? பச்சை எரியும்முன்பே மனுஷன் சீறிக்கொண்டு பாய்ந்துவிட்டார். முதல் ஓட்டத்திலேயே அவுட்!

"விடுங்கோ தங்கச்சி, எஞ்சின் பாஸ்தானே? அது காணும்!" என்றார். காணும் என்றால் அவர் ஊரில் போதும் என்று அர்த்தம். வீடு வந்து சேரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

நல்லவேளை, அவர்கள் இன்ஜினின் வயதை மட்டும் பார்த்தார்கள். ஓட்டுகிறவர் வயதையும் சோதித்திருந்தால், பதினாறு என்று வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்!