திருவிழாவுக்கு அழைத்தவள்

ஜெர்மனியில் எசன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். அங்கே ஒரே தளத்தில் என்னோடு பல வருடங்கள் வேலை செய்த இத்தாலியப் பெண் ஒருத்திதான் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி. சுரங்க வேலைக்கு வந்த தகப்பனோடு சிறுமியாக இங்கே வந்தவள். நான் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்த காலத்தில் ஜெர்மன் மொழியில் அறிக்கை எழுதத் தெரியாமல் கழிவறைக்குள் போய் அழுதுகொண்டிருந்தேன். கதவைத் தட்டி வெளியே கூப்பிட்டு, வேலை முடிந்ததும் பக்கத்தில் இருத்திச் சொல்லித் தந்தவள் அவள். என் இளைய மகள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது என் வார இறுதி வேலைகளையெல்லாம் தானே செய்தவளும் அவள்தான்.

ஒவ்வொரு கோடையிலும் எங்கள் கோயில் தேருக்கு அவளைக் கூட்டிப் போவேன். என் சேலை ஒன்றை உடுத்திவிடுவேன். கண்டவர்களுக்கெல்லாம் என் சிநேகிதி என்று சொல்லி அறிமுகப்படுத்துவேன். அன்னதானப் பந்தியில் என் மாமியாருக்குப் பக்கத்தில் இருத்துவேன். தேரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் தன் ஊர்ப் புனிதரைப் பற்றிக் கதைப்பாள். இத்தாலியின் தெற்கே, மலைமேல் ஒரு சின்ன ஊர். ஆகஸ்டில் புனிதரின் சொரூபத்தைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகக் கொண்டுவருவார்களாம். வீட்டில் உள்ளவற்றில் மிக நல்ல படுக்கை விரிப்பை எடுத்து பல்கனியில் தொங்கவிடுவார்களாம். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் அந்தக் கிழமை எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்களாம்.

போன வருடம் ஜூன் மாதக் கடைசியில், இருவரும் வேலை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றபோது கேட்டாள். நாங்கள் கதைப்பது ஜெர்மனில்தான். ஆனாலும் அவள் சொன்னது என் காதில் எங்கள் தமிழாகவே இருக்கிறது.

"இந்த முறை நீயும் வாவன். எங்கட வீட்டிலை நில். என்ர ஊரை உனக்குக் காட்ட வேணும்."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "போட்டு வாரும், பிள்ளையளை நான் பாக்கிறன்" என்றார். பிள்ளைகள் பிறந்த பிறகு நான் தனியாக எங்கும் போனதில்லை. பவனிக்கு உடுக்கவென்று நீலப் பட்டுச் சேலை ஒன்றைப் பெட்டியில் வைத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் விளக்கு வளைவுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். வயதான காலத்தில் ஊருக்கே திரும்பிவிட்ட அவளுடைய தாய் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருப்பது எனக்கு முன்பே தெரியும். தாயின் அறையிலேயே எனக்கு ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். திருவிழாவுக்கு உறவினர்கள் வருவார்கள், வீட்டில் இடம் இல்லையாக்கும் என்று நினைத்தேன். அன்று மாலை அந்த அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கச் சிநேகிதி சிரமப்பட்டாள். நான் போய்ப் பிடித்தேன். பழகிய கை சும்மா இருக்காது.

அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் வந்து என்னைக் காட்டி ஏதோ கேட்டார். சிநேகிதி சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள். அதில் 'பதாந்தே' என்ற சொல் காதில் விழுந்தது. வயதானவர்களின் வீட்டோடு தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டுப் பெண்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லை எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான். தாய்க்கு வைத்திருந்த பெண்ணைப் பற்றி முறைப்பாடு சொல்லும்போதெல்லாம் அதைத்தான் பாவிப்பாள். நான் பிழையாகக் கேட்டிருப்பேன் என்று என்னையே சமாளித்துக்கொண்டேன்.

பிறகு அவளுடைய தமையன் வந்தான். அவனும் ஜெர்மனியில் வளர்ந்தவன், நல்ல ஜெர்மன் கதைப்பான். என்னை அறைக்குள் கூட்டிப்போய், எந்த மருந்து எப்போது, பம்பர்ஸ் எந்த அலுமாரியில், சூப்பை எவ்வளவு கட்டியாகக் கரைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். காட்டி முடித்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

"நீங்கள் வாறீங்கள் எண்டு தங்கச்சி மே மாதமே சொல்லிப்போட்டா. அதுக்குப் பிறகுதான் அம்மாவைப் பாக்கிற பிள்ளைக்கு நான் லீவு குடுத்தனான்."

மே மாதம். எனக்கு அழைப்பே வரவில்லை அப்போது.

சிநேகிதி பல்கனியில் வெள்ளைப் பின்னல் விரிப்பொன்றைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள். மே மாதமே தமையனிடம் சொல்லிவிட்டாயா என்று போய்க் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. கைகளால் விரிப்பின் சுருக்கத்தை நீவியபடியே நின்றாள்.

"உன்னட்டைக் கேட்டிருந்தால் நீ ஏலாது எண்டு சொல்லியிருக்க மாட்டாய்" என்றாள்.

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் அது வேலையாப் போயிருக்கும்."

அவள் கேட்டிருந்தால் நான் என் விடுமுறையை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வந்திருப்பேன். அந்த அம்மாவைக் குளிப்பாட்டித் தலைவாரி விட்டிருப்பேன். அதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

பவனி மாலையில் புறப்பட்டது. வீட்டிலிருந்த எல்லோரும் போனார்கள். படுக்கையில் கிடக்கும் ஒருவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. அது அவளுக்கும் தெரியும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, யன்னலோரம் தள்ளி வைத்தேன். பாண்டு வாத்தியம் நெருங்கி வந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட ஆண்கள் வியர்வையில் நனைந்தபடி சொரூபத்தைத் தோளில் கொண்டுவந்து எங்கள் யன்னலுக்குக் கீழே நிறுத்தினார்கள். சொரூபத்தில் புனிதரின் காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாயையும் செதுக்கியிருந்தார்கள். அந்த அம்மா சிலுவை அடையாளம் போட வலது கையை உயர்த்தப் பார்த்தார். கை எழும்பவில்லை. நான் அந்தக் கையைப் பிடித்து நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோள்களுக்கும் கொண்டுபோனேன். என்னைப் பார்த்து, குழறிய குரலில், நீ யார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்ச இத்தாலிய மொழியில், உங்கள் மகளோடு வேலை செய்கிறேன் என்றேன். சிநேகிதி என்பதற்கான சொல்லும் எனக்குத் தெரியும். ஆனால் அது வாயில் வரவில்லை.

கீழே சிநேகிதி மெழுகுதிரியோடு நின்றாள். நிமிர்ந்து பார்த்துக் கை காட்டினாள். நான் யன்னலை விட்டு விலகினேன்.

எசனுக்குத் திரும்பிய பிறகு, ஊரிலிருந்து கொண்டுவந்த பாதாம் பலகாரத்தை அவள் வேலையிடத்தில் எல்லோருக்கும் பகிர்ந்தாள். நாங்கள் இருவரும் நல்ல சந்தோஷமாக இருந்துவிட்டு வந்தோம் என்று சொன்னாள். நான் அதை மறுத்துச் சொல்லவில்லை. கணவரிடம்கூட முழுவதும் சொல்லச் சில கிழமைகள் போயின. அவர் கேட்டுவிட்டு, "அவ உமக்குச் செய்த உதவியளையும் நினையும்" என்றார். நினைக்காமல் இல்லை. அந்த நாட்களிலேயே எனக்குள் தனக்குப் பயன்படக்கூடிய ஒரு பராமரிப்பாளரை அவள் பார்த்து வைத்திருந்தாளோ என்ற கேள்வி வரும்போது அந்த உதவிகளும் நிறம் மாறிவிடுகின்றன. பொறுப்பாளரிடம் முதுகு நோகிறது என்று சொல்லி, வேறு தளத்துக்கு மாற்றம் கேட்டு வாங்கினேன்.

மாரிகாலத்தில் ஒரு நாள் அவள் என் தளத்துக்கு வந்தாள். தாய் இறந்துவிட்டதாகச் சொன்னாள். கண் வீங்கியிருந்தது.

"அம்மா கடைசி வரைக்கும் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தவ" என்றாள்.

அது உண்மையோ தெரியாது. முன்பென்றால் யோசிக்காமல் நம்பி, அவளைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். இறந்துபோன முதியவர்களின் உறவினர்கள் வரும்போது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் அனுதாப வார்த்தைகள் ஜெர்மனில் இருக்கின்றன. அவற்றைச் சொல்லி அவளுக்குக் கை கொடுத்தேன்.